மூன்று மார்க் குறையுங்கள்

“சார், எனக்கு மூணு மார்க் குறைச்சுப் போடுங்க.”

வேதியியல் விரிவுரையாளர் நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சமுதாயக் கல்லூரியில் மார்க்குக்காக அழுதவர்கள் உண்டு, மிரட்டியவர்களும் உண்டு. குறைக்கச் சொல்லி வந்த முதல் ஆள் இந்த ஐம்பத்தைந்து வயது மாணவிதான்.

“நாற்பது எடுத்தா பாஸ். நீங்க நாற்பத்திரண்டு. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க.”

“எப்படிப் போறது? என் மருமகளும் இதே வகுப்பு. வெளியில மார்க் ஒட்டியிருக்கறதைப் பார்த்தேன். அவ முப்பத்தெட்டு. பாவம், இன்னும் அவளுக்கே தெரியாது. மாமியார் பாஸ், மருமக ஃபெயில்னா அப்புறம் வீடு வீடா இருக்குமா?”

“விடைத்தாளுக்கு மாமியார் மருமகள் எல்லாம் தெரியாதும்மா.”

“அப்போ அவளுக்கு ரெண்டு மார்க் சேர்த்துப் போடுங்க.”

“அமிலத்தை எப்படிச் சோதிப்பதுன்னு கேட்டிருந்தேன். நாக்கில் வைத்துப் பார்க்கலாம்னு எழுதியிருக்காங்க. இதுக்கு மார்க்கா? தரம்னு ஒண்ணு வேண்டாமா?”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்.”

“யார் வந்து நின்னாலும் மார்க் மாறாது.”

மாணவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய், வாசற்படியைத் தாண்டி நின்று திரும்பினாள்.

“ரூமுக்குள்ள சார்னுதான் கூப்பிடணும்னு சொன்னே, கூப்பிட்டாச்சு. இப்போ வெளியில வந்துட்டேன். உன் பொண்டாட்டி ஃபெயிலானதை நீயே அவகிட்ட சொல்லிக்கோடா. நான் உன் அக்கா வீட்டுக்குப் போறேன்.”

விரிவுரையாளர் அவசரமாகப் பேனாவை மூடினார்.

“அம்மா, கொஞ்சம் இரு. நானும் வர்றேன்.”