பல்லில்லாத மீன்

ஊசி முனையில் கல் உதிர்ந்ததும் மங்கையர்க்கரசியின் கை நின்றது. உருப்பெருக்கியின் கீழே, பாறையில் புதைபடிவமாகப் படிந்திருந்த மீனின் தாடையோரம் எள்ளளவு பல் ஒன்று பளபளத்தது.

அழிந்துபோன இந்த இன மீனுக்குப் பல்லே கிடையாது என்று நிறுவித்தான் அவர் பேராசிரியர் ஆனார். பல் இருந்திருக்கும் என்று வாதாடிய மாணவன் இளங்கீரனின் ஆய்வேட்டைப் பதினாறு வருடங்களுக்கு முன் திருப்பி அனுப்பியவரும் அவர்தான். அவன் ஆராய்ச்சியையே விட்டுவிட்டு, இப்போது பெரம்பலூரில் டியூஷன் எடுக்கிறான்.

அவர் ஓய்வு பெற எட்டு நாள் இருந்தது. ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. ஒருமுறை அழுத்தினால் போதும், பல் தூளாகிவிடும். ஊசியை அதன் மேல் வைத்தார். தனக்கே பயந்தவராக ஊசியைச் சட்டென மேசையில் போட்டுவிட்டு செல்போனை எடுத்தார்.

"இளங்கீரா, மங்கை மேடம் பேசறேன். நீ சொன்னதுதான்பா சரி. அந்த மீனுக்குப் பல் இருக்கு. நான்தான் உன்னை..."

மறுமுனையில் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. பிறகு கதவைச் சாத்தும் ஓசை. அவன் கோபத்துக்காக அவர் காத்திருந்தார்.

"மேல்தாடையிலயா மேடம், கீழ்த்தாடையிலயா?" என்றான் அவன், மூச்சு வாங்க.