இருபது வருஷ மிஷின்

"ரெண்டுல எதை வாங்கலாம்னு நம்ம மேஸ்திரி சொல்லட்டும்"னாரு நயீம் அகமது சாயபு.

ஆம்பூர்ல சாயபோட தோல் பதனிடுற ஷாப்புல பச்சையப்பன் முப்பது வருஷமா மேஸ்திரி. பங்களாவுக்குத் துணி தொவைக்கிற மிஷின் வேணும்னு சுகரா பேகம் ஒத்தக் கால்ல நின்னாங்க. மெட்ராஸ்ல தங்கச்சி வூட்ல ஒண்ணு இருக்குதாம். "மிஷின் வந்தா ஒருத்தி போதும்"னு வேற சொல்லிட்டாங்க.

இப்ப தொவைக்கிறது மூணு பேரு. செண்பகம், அவ நாத்தனா, அவ சின்னம்மா. மூணு பேரும் கெணத்தடியில நின்னு மேஸ்திரி வாயையே பாத்துட்டிருந்தாங்க.

ரெண்டு மிஷினையும் கொண்டாந்து எறக்கியிருந்த மெட்ராஸ் ஏஜெண்டு கோட்டு பட்டனைப் போட்டுக்கிட்டு ஆரம்பிச்சான்.

"இது முழுக்க இரும்பு. பல்சக்கரம். மெதுவாத்தான் சுத்தும், மணிக்குப் பத்து போர்வை. ஆனா இருபது வருஷத்துக்கு ஒண்ணும் ஆவாது."

"அது?"ன்னாரு மேஸ்திரி.

"இது மரத் தொட்டி. தோல் வாரு போட்டுச் சுத்துறது. மணிக்கு முப்பது போர்வை. சும்மா பறக்கும்."

"எத்தினி வருஷம் பறக்கும்?"

ஏஜெண்டு இருமினான். "அது வச்சிக்கிறவங்க கையில இருக்குதுங்க."

சாயபு குனிஞ்சு அந்த வாரைப் புடிச்சுப் பாத்தாரு. ஒடனே ஒரு தும்மல். கைக்குட்டையால மூக்கை மூடிக்கிட்டாரு.

"ஜலதோஷம். எனக்கு ஒண்ணும் தெரியல. நீயே பாத்து சொல்லு பச்சையப்பா."

மேஸ்திரி இரும்பு மிஷினை நாலு சுத்து சுத்தினாரு. அப்பறம் மரத் தொட்டிக்கிட்ட போயி வாரை வளைச்சாரு, நீவினாரு.

"மரத் தொட்டியே இருக்கட்டுங்க. வேலை சீக்கிரம் ஆவும்."

கதவுத் திரைக்குப் பின்னாடி வளையல் சத்தம். பேகத்துக்கு சந்தோஷம்.

கேட்டுக்கு வெளிய செண்பகம் மறிச்சுக்கிட்டா.

"நல்லா இருக்குது மேஸ்திரி உன் ஞாயம். 'சும்மா பறக்கும்'!" அந்த ஏஜெண்டு மாதிரியே இல்லாத கோட்டுக்குப் பட்டன் போட்டுக் காட்டினா. "பறக்கிறது மிஷின் இல்ல, நாங்க."

"நான் இன்னா பண்றது? ரெண்டும் வோணாம்னா, பேகம் மூணாவதா ஒண்ணை ரயில்ல வரவைப்பாங்க."

"அப்ப அந்த இரும்பைச் சொல்லக்கூடாதா? அது மெதுவாச் சுத்துது. ரெண்டு பேருக்காவது வேலை நிக்கும்."

"அது இருபது வருஷம் சுத்தும். அப்பறம் மூணு பேருக்கும் வேலை எப்ப வரும்?"

செண்பகம் மொறச்சா. மேஸ்திரி கையை நீட்டினாரு.

"இந்தா, மோந்து பாரு."

"த்தூ. பச்சைத் தோல் நாத்தம்."

"அந்த வாரைத் தொட்ட கை. ஆவாரம்பட்டைத் தண்ணியில பதினஞ்சு நாள் ஊற வேண்டிய தோலு, மூணு நாள்கூட ஊறல. மேல சாயத்தைப் பூசி ஏமாத்தியிருக்கான். சோப்புத் தண்ணியில ஒரு மாசம் தாங்குனா ஜாஸ்தி. அழுகிப் பூடும்."

செண்பகத்துக்கு மூச்சு வந்துது. ஆனா சந்தேகம் போவல.

"அறுந்தா வேற வாரு போட்டுக்குவாங்க. ஆம்பூர்ல தோலுக்கா பஞ்சம்?"

"யாரு வெட்டிக் குடுக்கணும்? நான்தானே. அந்த அளவுக்கு நல்ல தோலு அமையணும்ல. அமையும், மெதுவா. அதுக்குள்ள பேகத்துக்கே மிஷின் ஆசை வுட்டுப் பூடும். ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்க."

அவ சிரிக்க ஆரம்பிச்சவ, சட்டுனு நிறுத்திட்டா.

"சாயபு கண்டுபுடிச்சிட்டா? அவரும் நாப்பது வருஷமா தோலுலயே கெடக்கிறவரு. எங்களுக்காவ உன் வேலை பூடப்போவுது மேஸ்திரி."

பச்சையப்பன் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு.

"அவருக்கு ஏது ஜலதோஷம்? எனக்கு முன்னாடி அதை மோந்து பாத்தவரே அவருதான்."