அணில் விழும் பள்ளம்

மாமனார் மறுபடியும் பள்ளத்தில் விழுந்தார். மருமகள் பதறி எழுந்திருக்கவில்லை. காலையிலிருந்து அவர் விழுந்துகொண்டேதான் இருக்கிறார்.

“அடடா, விழுந்துட்டியா? பரவாயில்ல, எந்திரிடா கண்ணு!” என்றது கம்ப்யூட்டர்.

திரையில் அணில் உடம்பை உதறிக்கொண்டு எழுந்து நின்றது. மாமனார் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, அதை மறுபடி ஓட விட்டார். நேராகப் போய் அதே பள்ளத்தில் தொப்பென்று விழுந்தது.

அவளுக்கு வேலையே இதுதான். அந்தக் காலத்து வீடியோ கேம்களைத் தூசி தட்டி, மெருகேற்றி, இன்றைய கம்ப்யூட்டருக்குத் தக்கபடி மறுபடி வெளியிடுகிறார்கள் அல்லவா? அவற்றை ஆடிப் பார்த்து ஓர் இணையதளத்துக்கு விமர்சனம் எழுதுவாள். மற்ற நாளெல்லாம் அவளுடைய அறைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மாமனார், இன்றைக்கு அணில் படம் கண்ணில் பட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“மாமியார் இல்லாத வீடு, குடுத்து வச்சவடி நீ” என்று தோழிகள் கேலி பேசி அனுப்பிய வீடு இது. அத்தையை அவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். கணவன் வேலைக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் இவளும் மாமனாரும்தான். “சாப்பிட்டியாம்மா”, “மாத்திரை போட்டீங்களா மாமா” என்பதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வளர்ந்ததில்லை. அதனால் அவர் இப்படிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததே அவளுக்குப் பிடித்திருந்தது.

விமர்சனத்தைத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். ‘நிறங்கள் கண்ணைப் பறிக்கின்றன. இசையைப் புதிதாக வாசித்திருக்கிறார்கள், பழையதின் துள்ளல் இதில் இல்லை. நல்லவேளை, குரல்களில் கை வைக்கவில்லை. குரல் கொடுக்க வெளியாள் வைக்க அப்போது வசதியில்லாமல், ஆபீசில் இருந்தவர்களையே பேச வைத்தார்களாம். அணில் விழும்போது பேசுகிற பெண், கடைசியில் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப் போகிறாள். அந்த அரைச் சிரிப்புதான் இந்த ஆட்டத்துக்கே உயிர்.’

தொப்.

“மாமா, பள்ளத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே அமுக்கணும். நீங்க விழுந்த பிறகு அமுக்குறீங்க.”

“அப்படியா? சரிம்மா.” தலையாட்டினார். விழுந்தார்.

நடுவில் இணையதள ஆசிரியர் போன் செய்தார். அவள் கம்ப்யூட்டரின் சத்தத்தை அணைத்துவிட்டுப் பேசினாள். பேச்சுக்கிடையில் ஓரக்கண்ணால் பார்த்தபோது, அணில் முதல் பள்ளத்தைத் தாண்டியது. அடுத்ததையும் அலட்டிக்கொள்ளாமல் தாண்டியது. ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள். போனை வைத்துச் சத்தத்தைப் போட்டதும் பழையபடி தொப்.

அவளுக்குப் பாவமாகிவிட்டது. தடுமாறுகிறவர்களுக்காகப் புதுப் பதிப்பில் ஒரு வசதி சேர்த்திருந்தார்கள். அதைப் போட்டால் பள்ளங்களெல்லாம் மூடிக்கொள்ளும். மாமனார் மாத்திரை போட எழுந்து போன நேரம் பார்த்து, அவருக்குத் தெரியாமல் அதைப் போட்டுவிட்டாள். மனுஷர் ஒரு தடவையாவது ஜெயித்துப் பார்க்கட்டுமே.

மாமனார் திரும்பி வந்து உட்கார்ந்தார். அணில் ஓடியது. பள்ளம் இருந்த இடம் சமதரையாகக் கிடந்தது. அவர் புருவத்தைச் சுருக்கினார். அணிலைத் திருப்பி ஓட்டி வந்து, அதே இடத்தில் எம்பிக் குதிக்க வைத்துப் பார்த்தார். பிறகு முன்னால் ஓட்டினார், ஓட்டிக்கொண்டே போனார். கடைசியில் திரை முழுக்க வாணவேடிக்கை வெடித்தது.

“மாமா, ஜெயிச்சுட்டீங்க!” அவள் கைதட்டினாள்.

திரும்பிப் பார்த்தாள். அவர் வாணவேடிக்கைக்கு நடுவே எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பள்ளம் எங்கம்மா போச்சு?”

“நான்தான் மூடிட்டேன் மாமா. விழுந்துக்கிட்டே இருந்தீங்களா, பார்க்கவே ஒரு மாதிரி இருந்துச்சு...”

“திரும்ப வராதாம்மா?”

“வரும், ஒரு நிமிஷ வேலை. ஆனா எதுக்கு மாமா? விழறதுல அப்படி என்ன இருக்கு?”

அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்தார்.

“விழுந்தாத்தாம்மா உன் அத்தை பேசுவா.”