ஐம்பது ரூபாய் அண்ணாச்சி

"ஏட்டி, அந்தா வாராரு ஒன் அம்பது ரூவா அண்ணாச்சி!"

கூட வேலை பார்க்கும் சுப்புத்தாய் சிரித்தாள். சத்தியபாமா முகத்தில் கட்டியிருந்த துப்பட்டாவைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கோவில்பட்டி பைபாஸ் பெட்ரோல் பங்கில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கரிசல் புழுதிக்குப் பயந்துதான் முகத்தை மூடுகிறாள் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

"தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியாம். தெனமும் மொபெட்டுல வாரதும், அம்பது ரூவாய்க்குப் போட்டுட்டுப் போறதும்! சரியான கஞ்சப் பிசினாறி."

அந்தக் கஞ்சப் பிசினாறிதான் தன்னைப் பெற்ற அப்பா என்று சத்தியபாமா எப்படிச் சொல்வாள்?

ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் இஷ்டப்பட்டவனைக் கட்டிக்கொண்டு போனபோது, "எனக்கு மகளே கெடையாது" என்று கடைத்தெருவில் நின்று சொன்னவர் சங்கரபாண்டியன். இப்போது அவள் புருஷன் லோடு ஏற்றும்போது விழுந்து, கால் ஒடிந்து படுத்திருக்கிறான். முதலாளி மகள் பங்கில் பெட்ரோல் அடிக்கிறாள் என்று தெரிந்தால் ஊர் எப்படிச் சிரிக்கும்! அப்பா என்னவெல்லாம் பேசுவார்! குரல் காட்டிக்கொடுத்துவிடுமே என்று, அவரிடம் மட்டும் "ஜீரோ பாத்துக்கோங்க" என்றுகூடச் சொல்லாமல், மீட்டரை விரலால் காட்டுவாள்.

மொபெட் உள்ளே திரும்பியது.

"ஏன் பம்புக்குப் பின்னால போயி நிக்க? மேலுக்குச் சரியில்லையா? நீ உள்ள போ, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் சுப்புத்தாய்.

விட்டால் போதும் என்று சத்தியபாமா இரண்டு எட்டு வைத்தாள். அப்புறம் நின்றுவிட்டாள்.

எத்தனை நாளைக்கு இப்படி ஓடுவது? களவா செய்கிறோம்? வீட்டில் அடுப்பெரிவதே இந்த வேலையால்தானே! ஒரு மாதமாக மூச்சு முட்ட இந்தத் துணிக்குள் கிடந்தது அவளுக்கே வெறுத்துப்போயிருந்தது.

"இல்லக்கா. நானே போடுதேன்."

துப்பட்டாவை அவிழ்த்தாள். அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஜீரோ பாத்துக்கோங்கப்பா."

சுப்புத்தாய் வாயைப் பிளந்தாள்.

சங்கரபாண்டியன் மீட்டரைப் பார்க்கவில்லை. மகள் முகத்தையே பார்த்தார். என்ன வசவு வரப்போகிறதோ என்று அவள் காத்திருந்தாள். அவர் டேங்க் மூடியைத் திறந்தார். அவள் குழாயை எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"டேங்க்க நெறச்சிரவாப்பா?"

"வேண்டாம்ட்டி." அவர் அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நெறச்சிட்டா, நாளைக்கு எதச் சாக்கு வச்சு ஒன்னப் பாக்க வருவேன்? ஊரு கேக்கும்லா!"