அம்பு காட்டிய இடம்

அடுத்தடுத்த படங்களில் எது எங்கே நகர்ந்தது என்று அம்புக்குறி போட்டுக் காட்டும் மென்பொருள் அது. சோதித்துப் பார்க்க, மெர்லின் தன் வீட்டு ஹாலில் எடுத்த வீடியோவைக் கொடுத்தாள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அன்று கணவன் கிறிஸ்டோவோடு பேச்சு தடித்தது. அவன் எழுந்து படத்தை விட்டே போய்விட்டான். அதன் பிறகு இன்றுவரை வீட்டுக்கும் வரவில்லை. இப்போது அவனுடைய மஞ்சள் சட்டையிலிருந்து கிளம்பிய அம்பு, அவன் போன பக்கம் காட்டாமல், அணைந்து கிடந்த டிவியில் போய் நின்றது.

“தப்பாக் காட்டுது மேடம்,” என்றான் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரன் தாவூத். “ஆளு போயிட்டாருன்னு அதுக்குத் தெரியாதுல்ல? எங்கயாவது இருப்பாருன்னு தேடி, அவர மாதிரி இருக்கறதப் புடிச்சுக்கும்.”

“டிவில அவர மாதிரி என்ன இருக்கு தாவூத்?”

அந்தக் கறுப்புத் திரையை மட்டும் பெரிதாக்கி வெளிச்சத்தைக் கூட்டினாள். கேமராவுக்குப் பின்னாலிருந்த வாசற்படி அதில் மங்கலாகத் தெரிந்தது. படியில் ஒரு மஞ்சள், உள்ளே பார்த்தபடி.

மெர்லின் வீடியோவை ஓடவிட்டாள். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக, நிதானமாக, மூலைக்கு மூலை சேர்த்து. கடைசித் துணி வரைக்கும் அந்த மஞ்சள் அசையவே இல்லை.