கன்னத்தில் ஒரு விரல்

"சாவு வீட்டுல என்னய்யா கேலி வேண்டிக்கிடக்கு?"

தலைவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். தலைவர் என்றால் லேசுப்பட்டவரில்லை. காது கேளாதோர் உரிமைக்காகப் போராடும் உலகச் சங்கத்துக்கே தலைவர். போன வாரம்கூட நாற்பது நாட்டுப் பிரதிநிதிகள் முன்னால், "சைகை மொழி அவர்கள் பிறப்புரிமை!" என்று வெளுத்துக் கட்டிவிட்டுத்தான் மேடையிலிருந்து இறங்கினார்.

இறங்கியதும் ஃபோன் வந்தது. லாரி மோதி ஒரே மகன் போய்விட்டான். முப்பது வயது. பிறவியிலேயே காது கேட்காதவன்.

அவனோடு தச்சுப் பட்டறையில் வேலை செய்தவர்கள் பத்துப் பேர் இப்போது துக்கம் விசாரிக்க வந்திருந்தார்கள். அவர்களுக்கும் காது கேட்காது. ஒவ்வொருவராக மகன் படத்துக்கு முன்னால் போய் நிற்பதும், ஆள்காட்டி விரலைக் கன்னத்தில் குத்தி ஒரு திருகு திருகுவதும், சிரிப்பதும்... பச்சைப் பிள்ளைக்கு வேடிக்கை காட்டுகிற மாதிரி!

சங்கத்தின் சைகை மொழிபெயர்ப்பாளரான பெண் பக்கத்தில்தான் நின்றாள்.

"கோவப்படாதீங்க சார். அழுதுகிட்டேதான் சிரிக்கிறாங்க."

"அதுக்கு இதுவாம்மா முறை?"

அதற்குள் அவர் மனைவியே எழுந்துபோய், படத்தைப் பார்த்து அதேபோல் கன்னத்தில் விரலைத் திருகினாள். திருகிவிட்டு அப்படியே சரிந்து உட்கார்ந்து கதறினாள்.

"உனக்குமா புத்தி பேதலிச்சுப் போச்சு?" தலைவர் ஓடிப்போய் அவளைத் தாங்கிப் பிடித்தார். பெற்ற வயிறு, என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் செய்கிறாள், பாவம்.

வந்தவர்களில் மூத்தவர் தலைவர் எதிரில் வந்து கைகளை அசைத்தார்.

"என்னம்மா சொல்றார்? நாலு வார்த்தை பேசணுமா? பேசறேன். நீ சைகையில சொல்லிடு."

"பேச்சு வேண்டாமாம் சார். பிள்ளையைப் பேர் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிடச் சொல்றார்."

தலைவர் உடைந்துபோனார். படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆசை ஆசையாய்த் தான் வைத்த பேரைச் சொல்லி வீடே அதிரக் கூப்பிட்டார். ஒரு தடவை இல்லை, நாலு தடவை.

பத்துப் பேரும் அவர் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தப் பெண் அவர் கையிலிருந்த படத்தை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"அந்தப் பேர் தம்பிக்கு ஒரு நாளும் கேட்டதில்லையே சார். கன்னத்துல விரலை வெச்சுத் திருகறாங்களே... அதுதான் உங்க பையன் பேரு."