அவரைப் பற்றிய பாடம்

அரைக் கரண்டி சர்க்கரை. முட்டையில் மஞ்சள் ஆகாது. சுவர் பக்கம்தான் படுப்பார். இன்னும் எதை விட்டேன்? சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கையில் தையல். இடதா, வலதா?

"என்ன முணுமுணுக்கிற? சத்தமாச் சொல்லு" என்றார் கணவர்.

காத்திருப்பு அறையில் இன்னும் சில ஜோடிகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கவலைதான். கல்யாணம் நிஜம் என்று அதிகாரி நம்பினால்தான் இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க அனுமதி, அதாவது பி.ஆர்.

"முழங்கை... இடதுதானே?"

"வலது! விடிய விடியக் கதை கேட்டு, சீதைக்கு ராமன் சித்தப்பாங்கிற மாதிரி. நீ ஒண்ணு உளறினாப் போதும், பி.ஆர். போச்சு. மூட்டை கட்ட வேண்டியதுதான்."

"பயத்துல மறந்துபோச்சுங்க."

"எங்க அம்மா அப்பவே சொன்னாங்க, 'அவளை நம்பியாடா போற'ன்னு."

பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போய்க் கைரேகை வைத்து, போட்டோவுக்கு நின்றுவிட்டு வந்தார். அவளை யாரும் கூப்பிடவில்லை. கைகளை மடியில் கோத்தபடி அடுத்த பாடத்துக்குக் காத்திருந்தாள்.

கொஞ்ச நாளாக இப்படித்தான். வேலை முடிந்து வந்ததும் எதிரே உட்காரவைத்துத் தன்னைப் பற்றிக் கேள்வி கேட்பார். பதில்களில் பாதி, பேச்சில்லாத வீட்டில் அவரைப் பார்த்துப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டவை. ஆனாலும் கல்யாணமான பிறகு அவர் அவளோடு இவ்வளவு பேசியது இப்போதுதான். முதலில் அது பிடித்துக்கூட இருந்தது. என்றைக்காவது, 'சரி, இப்ப நான் உன்னைப் பத்திச் சொல்றேன், சரியான்னு பாரு' என்பார் என்று நினைத்திருந்தாள்.

"நீங்க என்னைப் பத்தி ஒண்ணுமே பார்த்து வச்சுக்கலையே?"

"உன்னைப் பத்தி எனக்குத் தெரியாததா? உன் வாயில இருக்கிற கொழுக்கட்டையை முதல்ல முழுங்கு."

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி நடுவயதுப் பெண். இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, அவரிடமிருந்து தொடங்கினாள்.

"மனைவிக்கு எங்கே வேலை?"

"ஆஸ்பத்திரியில்."

"என்ன வேலை?"

"நர்ஸ்... நர்ஸ் மாதிரி."

ஆபரேஷன் கத்திகளைக் கழுவி, கிருமி நீக்கி, தட்டுகளில் அடுக்குவது அவள் வேலை. செருப்புக்குள் கால்விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"வேலை விட்டு வந்ததும் என்ன செய்வார்?"

"எனக்குக் காபி போடுவாள்." இதற்கு அவர் யோசிக்கவே இல்லை.

"தனக்கென்று?"

அவர் அவள் பக்கம் சாய்ந்து, தமிழில் கிசுகிசுத்தார்.

"என்னம்மா பண்ணுவ நீ? சீக்கிரம் சொல்லேன்."

வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல், சமையலறை ஜன்னலருகே கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள். கூடத்தில்தான் அவர் உட்கார்ந்திருப்பார். பதில் நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

அதிகாரி பேனாவோடு காத்திருந்தாள்.

அவள் அவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு பி.ஆர். எப்பவோ வந்தாச்சுங்க, இது உங்களுக்கு, நீங்களே சொல்லுங்க."